விடத் தெரிந்த உலோகம்

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவரின் இடுப்பு பெல்ட்டில் கைக்கடக்கமான ஓர் உலோக டப்பா தொங்கும். உள்ளே தீப்பிடித்தால் அதன் மூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, ரப்பர் வாய்க்குழாயைப் பற்களால் கவ்விக்கொள்ள வேண்டும். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயால் மட்டும் மூச்சை இழுத்தபடி வெளியே நடக்க வேண்டும். பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: வாய்க்குள் வரும் காற்று சுடும், எவ்வளவு சுட்டாலும் குழாயை வாயிலிருந்து எடுத்துவிடாதே. சுடுகிறது என்றால் டப்பா வேலை செய்கிறது என்று பொருள். வெளியே இருக்கும் காற்றில் கார்பன் மோனாக்சைடு அவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்றும் பொருள்.

அந்த டப்பாவுக்குள் அடுப்பு இல்லை, பேட்டரியும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு கைப்பிடி கறுப்புக் குருணை. மாங்கனீசு டை ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்தது. கார்பன் மோனாக்சைடு அதன் மேல் பட்டதும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. நச்சுவாயு எரிந்துவிட்டது என்றே சொல்லலாம். தீ மட்டும் இல்லை. வாயைச் சுடுவது அந்த எரிதலின் வெப்பம்தான்.

ஹாப்கலைட் என்ற இந்தக் குருணை முதல் உலகப்போரின் பிள்ளை. அப்போதைய விஷவாயு முகமூடிகளில் கரி வைத்திருந்தார்கள். குளோரினைப் பிடித்துக்கொண்ட கரியால் கார்பன் மோனாக்சைடை மட்டும் பிடிக்க முடியவில்லை. சிறிய மூலக்கூறு, சுழியத்துக்குக் கீழே 191 டிகிரி வரை குளிர்வித்தால்தான் திரவமாகும் ஆசாமி. எதன் மேலும் எளிதில் ஒட்டாது. போர்க்கப்பல்களின் பீரங்கிக் கூண்டுகளுக்குள் வெடிமருந்துப் புகையோடு அதுவும் நிறைந்தது. பிடிக்க முடியாததை மாற்றிவிடுவது என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் வேதியியலாளர்கள் கிளம்பினார்கள். ஆர்தர் லாம்ப், வில்லியம் பிரே, ஜோசப் ஃப்ரேசர் மூவரும் 1920-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நூறு வருடம் கடந்தும் அதே கலவைதான் புழக்கத்தில் இருக்கிறது.

அதற்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. ஈரம் ஆகாது. காற்றிலுள்ள நீராவி குருணையின் மேல் படிந்தால் சீக்கிரமே செத்துவிடும். அதனால் டப்பாவில் முதலில் ஈரத்தை உறிஞ்சும் அடுக்கு, அதற்குப் பின்னால்தான் ஹாப்கலைட். அந்த உறிஞ்சும் அடுக்கு நனைந்து முடிகிற நேரம்தான் டப்பாவின் ஆயுள். இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை பின்னால் மறுபடியும் வரும், வேறு முகத்தோடு.

இனி வீட்டுக்குள் வருவோம். புதிதாக மாடுலர் கிச்சன் போட்ட வீட்டில் அலமாரிக் கதவைத் திறந்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறும், கண் கரிக்கும். "புதுச் சாமான் வாசனை சார், போகப் போகச் சரியாயிடும்" என்பார் வேலை முடித்த கார்ப்பெண்டர். அந்த வாசனையின் முக்கியப் புள்ளி ஃபார்மால்டிஹைடு. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். எல்லாவற்றிலும் மரத்துகளையோ மரத்தாளையோ ஒட்டவைப்பது பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின்தான். விலை மலிவு, சீக்கிரம் இறுகும். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பிசின் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து ஃபார்மால்டிஹைடை வெளியே விடும். மே மாத வெயிலும் ஐப்பசி ஈரமும் உள்ள சென்னைக்கு இது நல்ல செய்தி இல்லை. மாதக்கணக்கில், சில பலகைகளில் வருடக்கணக்கில், இந்தக் கசிவு தொடரும்.

பலகை மட்டும் காரணமில்லை. ஒரு கொசுவர்த்திச் சுருளை முழுதாக எரித்தால் 51 சிகரெட் அளவுக்கு ஃபார்மால்டிஹைடு வெளிவரக்கூடும் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை வைத்துச் செய்த ஆய்வு அது.

அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களை அரசு தற்காலிக டிரெய்லர் வீடுகளில் குடிவைத்தது. சின்ன அறைகள், சுற்றிலும் ஒட்டுப்பலகை, தென்மாநிலங்களின் புழுக்கம். குடியிருந்தவர்களுக்குக் கண் எரிச்சல், இருமல். 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 519 டிரெய்லர் வீடுகளில் அளந்தபோது சராசரி 77 பிபிபி, அதாவது நூறு கோடி மூலக்கூறுகளில் 77. ஒன்றில் 590. இத்தனைக்கும் அளந்தது குளிர்காலத்தில்.

உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் சொல்லும் வரம்பு ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அரை மணி நேரச் சராசரியாக. பிபிபி கணக்கில் ஏறத்தாழ 80. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் உறுதியாகவே சொல்லிவிட்டது. மூக்குக்குப் பின்னாலுள்ள தொண்டைப் பகுதிப் புற்றுநோய் அதில் முக்கியமானது.

இந்த 0.1 மில்லிகிராம் எவ்வளவு அற்பம் என்று பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். வரம்பை எட்டிய அந்த அறைக் காற்று மொத்தத்திலும் இருக்கும் ஃபார்மால்டிஹைடு 3 மில்லிகிராம்கூட இல்லை. மறுபக்கம், அதே காற்றின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அதன் மூலக்கூறுகள் 2 லட்சம் கோடி. எடைபோட்டால் ஒன்றுமில்லை, எண்ணினால் முடிவில்லை. அகற்ற வேண்டியது இந்த இரண்டுங்கெட்டான் அளவைத்தான். அதுவும் ஒரு தடவை அகற்றிப் பயனில்லை. பலகை நாளைக்கும் விட்டுக்கொண்டிருக்கும்.

ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் முதல் வைத்தியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஏசி ஓடும் அறையில் யாரும் திறப்பதில்லை. காற்று சுத்திகரிப்பு மெஷினில் கரி வடிகட்டி இருக்கிறதே என்றால், கரிக்கு ஃபார்மால்டிஹைடும் பிடிபடாத ஆள். கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 19 டிகிரி. கொஞ்சம் ஒட்டும், இடம் நிறைந்ததும் நின்றுவிடும், வெயில் ஏறினால் பிடித்ததையே திருப்பியும் விடும்.

அப்படியானால் எரித்துவிடலாமே? ஃபார்மால்டிஹைடு நன்றாகவே எரியும். ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான் மிச்சம். ஒரு மோலுக்கு 500 கிலோஜூலுக்கு மேல் வெப்பமும் வரும். மலையுச்சியிலிருந்து இறங்குகிற வினை. பிறகு ஏன் அது ஆக்சிஜன் நிறைந்த அறைக்குள் தன்பாட்டில் மிதந்துகொண்டிருக்கிறது? ஆக்சிஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிணைப்பைப் பிரிக்கவே மோலுக்கு 498 கிலோஜூல் வேண்டும். முதலில் ஒரு மேட்டை ஏறிக் கடந்தால்தான் அப்புறம் இறக்கம். அந்த மேட்டுக்குப் பாடப்புத்தகத்தில் கிளர்வு ஆற்றல் என்று பெயர். வெப்பம் ஏறுவதற்கான தெம்பைத் தருகிறது. வினையூக்கி வேறு வழியாகத் தாழ்வான கணவாயைக் காட்டுகிறது.

வினையூக்கி என்றதும் எல்லாரும் பிடிப்பதைப் பற்றியே பேசுகிறோம். மூலக்கூறைப் பிடிக்கும், இழுக்கும், பிணைப்பைத் தளர்த்தும் என்று. அதில் பாதிதான் உண்மை. பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே, 1912-இல் நோபல் பரிசு பெற்றவர், சொல்லிவிட்டுப் போன அடிப்படை ஒன்று இருக்கிறது: பிடி தளர்ந்தால் வினை நடக்காது, பிடி இறுகினால் வினை முடிந்த பின்னும் விளைபொருள் இடத்தை விட்டுப் போகாது. காரின் புகைபோக்கியில் இருக்கும் வினையூக்கி மாற்றி 250, 300 டிகிரியைத் தொட்ட பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அங்கே வெப்பம் மூலக்கூறை உடைக்கவும் உதவுகிறது, ஒட்டிக்கொண்டதை உதறிவிடவும் உதவுகிறது. வீட்டு அறையின் 25, 30 டிகிரியில் அந்த உதறல் கிடையாது. பரப்பு தானாக விட வேண்டும். அறைவெப்ப வினையூக்கத்தின் வரலாறு முழுக்க இந்த 'விடுதல்' பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனியின் ஜெனா நகரில் யோகான் டோபரைனர் என்ற வேதியியலாளர் 1823-இல் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மேல், கொஞ்சம் தள்ளி வைத்த முனையிலிருந்து ஹைட்ரஜனைப் பீய்ச்சினார். வழியில் காற்றோடு கலந்து வந்த ஹைட்ரஜன் பட்டதும் பிளாட்டினம் சிவந்து, வெளுத்துத் தகதகத்தது; ஹைட்ரஜன் பற்றிக்கொண்டது. தீக்குச்சி கடைக்கு வருவதற்கு முந்தைய காலம். துத்தநாகத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்து ஹைட்ரஜன் உண்டாக்கும் ஒரு கண்ணாடி ஜாடி, வாயில் ஒரு துண்டு பிளாட்டினம். விளக்கேற்றும் லைட்டர் தயார். கவிஞர் கதேயின் நட்பைப் பெற்றிருந்த டோபரைனர் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை.

அதே வினைதான் இன்று அணு உலைகளின் பாதுகாப்புக்கு நிற்கிறது. விபத்தில் உலைக் கட்டடத்துக்குள் ஹைட்ரஜன் தேங்கினால் வெடிக்கும். 2011-இல் ஃபுகுஷிமாவில் கட்டடங்களின் கூரை பறந்தது அப்படித்தான். கூடங்குளத்தில் உலைக் கூண்டுக்குள் மின்சாரமே இல்லாமல் இயங்கும் ஹைட்ரஜன் மறுசேர்ப்பிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. வினையூக்கி பூசிய தகடுகளில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவியாகும். சேரும் வெப்பத்தால் காற்று மேலெழும். கீழிருந்து புதுக்காற்று தானாக வரும்.

ஹைட்ரஜனிடம் இவ்வளவு சாமர்த்தியம் காட்டும் பிளாட்டினம், கார்பன் மோனாக்சைடிடம் அறைவெப்பத்தில் தோற்றுப் போகிறது. பேருந்து வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எல்லா சீட்டையும் பிடித்துவிடுவார்களே, கார்பன் மோனாக்சைடு செய்வது அதைத்தான். பிளாட்டினத்தின் ஒவ்வோர் அணுமேலும் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். ஆக்சிஜன் மூலக்கூறு பிரிந்து உட்கார அடுத்தடுத்து இரண்டு காலியிடம் வேண்டும். கிடைக்காது. எரிய வேண்டிய பொருள் நிறைந்திருக்கிறது, எரிக்க வேண்டியது உள்ளே நுழைய முடியவில்லை. அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்முயிர் 1922-லேயே இதைக் கணக்குப் போட்டு விளக்கிவிட்டார். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பின்மேல் அதே வாயு நடத்தும் ஆக்கிரமிப்பும் இதே ரகம்தான். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமான பிடி.

அப்படியென்றால் கார்பன் மோனாக்சைடை இறுகப் பிடிக்காத உலோகம் வேண்டும். எதையுமே பிடிக்காத உலோகம் ஒன்று நமக்குத் தெரியும். தங்கம். துருப்பிடிக்காது, கறுக்காது, பாட்டியின் தோடு பேத்திக்கு அதே மின்னலோடு வந்து சேரும். வினையூக்க ஆய்வாளர்கள் வெகுகாலம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காததற்கும் அதுவே காரணம். ஒசாகாவில் அரசுத் தொழில் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த மசதாகே ஹருதா தங்கத்தை 5 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களாக இரும்பு ஆக்சைடு போன்றவற்றின் மேல் பதித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட முடிவை முதலில் படித்தவர்கள் இரண்டு தடவை படித்திருப்பார்கள்: சுழியத்துக்குக் கீழே 70 டிகிரியில்கூட கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது.

தோட்டில் சும்மா கிடக்கும் தங்கம் துகளானதும் ஏன் இப்படித் துடிக்கிறது? பெரிய கட்டியில் அணுக்கள் பெரும்பாலும் உள்ளே புதைந்திருக்கும். சில நூறு அணுக்களே உள்ள துகளில் விளிம்பிலும் மூலையிலும் இருப்பவை அதிகம். அக்கம்பக்கத்தார் குறைந்த அணு கொஞ்சம் பசியோடு இருக்கும்; கார்பன் மோனாக்சைடை லேசாகப் பிடிக்கும். தங்கம் முடிந்து ஆக்சைடு தொடங்கும் அந்த எல்லைக்கோட்டில் ஆக்சிஜன் கிளர்ச்சியடைகிறது. இரண்டும் எல்லையில் சந்திக்கின்றன, சேர்கின்றன, போய்விடுகின்றன. அவரவருக்குத் தனித்தனி இடம் என்பதால் சண்டை இல்லை. ஹாப்கலைட்டைக் கொன்ற ஈரம் இங்கே நண்பன்! காற்றில் துளி ஈரம் இருந்தால் வேகம் பல மடங்கு கூடுகிறது என்றும் ஹருதாவின் குழு பிறகு காட்டியது.

இத்தனை அரிய கண்டுபிடிப்பு முதலில் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? ஜப்பானியக் கழிப்பறை. 1992-இல் அங்கே நாற்றம் நீக்கும் கருவிகளில் தங்க வினையூக்கி வந்தது. அழுகிய மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில் அமைன் போன்றவற்றை எரிப்பதற்கு. தங்கத்தை நாம் வைத்திருக்கும் இடத்தை நினைத்தால் எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

பிளாட்டினத்துக்கும் ஒரு துணை கிடைத்தால் கார்பன் மோனாக்சைடு வசப்படும். அமெரிக்காவில் நாசாவின் லாங்லி மையத்தில் 1980-களில் டின் ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தைப் பதித்தார்கள். காரணம் வீட்டுக் காற்றோ சுரங்கமோ இல்லை. விண்வெளியிலிருந்து காற்றோட்டத்தை அளக்க நினைத்த கார்பன் டை ஆக்சைடு லேசர். லேசர் ஓட ஓட உள்ளிருக்கும் வாயு உடைந்து கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் ஆகிவிடும். விண்வெளியில் யார் போய் வாயு நிரப்புவது? உடைந்ததை அங்கேயே, சூடாக்காமல் ஒட்டவைக்க வேண்டியிருந்தது. இங்கேயும் ஆக்சிஜனுக்கு இடம் தருவது டின் ஆக்சைடு. பிளாட்டினம் நிறைந்துவிட்டாலும் கவலையில்லை.

ஃபார்மால்டிஹைடு கதைக்கு பெய்ஜிங் போக வேண்டும். சீனாவில் அடுக்குமாடிகள் எழும்பிய வேகத்தில் ஒட்டுப்பலகையும் வீடுகளுக்குள் நிறைந்தது. அந்நாடு 2002-இல் வீட்டுக் காற்றுக்குத் தரவரம்பே வகுத்தது. சீன அறிவியல் கழகத்தின் சூழல் ஆய்வு மையத்தில் சாங் சாங்பின், ஹே ஹோங் ஆகியோர் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் 1 சதவீதம் பிளாட்டினத்தைப் பதித்து ஃபார்மால்டிஹைடு கலந்த காற்றை அதன் வழியே விட்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு என்பது சுவர் பெயிண்ட்டை வெள்ளையாக்கும் அதே தூள். அறைவெப்பத்தில், 100 பிபிஎம் (பத்து லட்சம் மூலக்கூறுகளில் 100) ஃபார்மால்டிஹைடு, மணிக்கு வினையூக்கியின் கன அளவைப் போல 50,000 மடங்கு காற்று. அதாவது காற்று வினையூக்கியைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் 14-இல் ஒரு பங்கு நேரம். மறுமுனையில் ஃபார்மால்டிஹைடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் மட்டும். 2005-இல் கட்டுரை வெளியானது. ரோடியம், பல்லேடியம், தங்கம் ஆகியவற்றையும் அதே தூளின்மேல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிளாட்டினத்துக்குப் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை. கார்பன் மோனாக்சைடில் வித்தை காட்டிய தங்கம் அந்த வரிசையில் உலோகங்களிலேயே கடைசி.

எந்த உலோகம் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்று இதனால்தான் சொல்கிறேன். எந்த மூலக்கூறுக்கு, பாதி வழியில் எது ஒட்டிக்கொள்ளும், அதை யார் விடுவிப்பார் என்று கேட்க வேண்டும். ஃபார்மால்டிஹைடில் ஒட்டிக்கொள்வது ஃபார்மேட். ஃபார்மால்டிஹைடு பரப்பின்மேல் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, ஹைட்ரஜனில் பாதியை இழந்து, பரப்போடு இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு உட்காரும் நிலை அது. எறும்பு கடித்தால் எரியவைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் உறவு. பல ஆக்சைடுகளின் மேல் வினை இந்த இடம்வரை சரசரவென்று வந்து அப்படியே உறைந்துவிடும். வெளியே காற்றில் அளந்தால் ஃபார்மால்டிஹைடு குறைந்திருக்கும், வினையூக்கி ஜெயித்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் பரப்பு ஃபார்மேட்டால் மூடிக்கொண்டே வருகிறது. சில மணியிலோ சில நாளிலோ கதவு சாத்தப்படும்.

பிளாட்டினத்தின்மேல் ஃபார்மேட் சிதைந்து கார்பன் மோனாக்சைடாகி, அது எரிந்து வெளியேறுகிறது. சுற்றுவழி, ஆனால் நகர்கிறது. அதே பெய்ஜிங் குழு அமெரிக்க ஆய்வாளர் மரியா ஃப்ளைட்சானி-ஸ்டெஃபானோபோலஸோடு சேர்ந்து 2012-இல் இன்னொரு படி ஏறியது. கலவையில் கொஞ்சம் சோடியத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். சோடியம் இருந்தால் பிளாட்டினம் கட்டி கட்டியாகத் திரளாமல் தனித்தனி அணுக்களாகப் பரவுகிறது. பக்கத்திலேயே தண்ணீரிலிருந்து வந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் தயாராக நிற்கின்றன. ஃபார்மேட் சுற்றிப் போக வேண்டியதில்லை. ஹைட்ராக்சிலோடு நேரே சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பிவிடுகிறது. ஹாப்கலைட்டின் எமனான ஈரம், இங்கே ஒட்டிக்கொண்டதைக் கிளப்பிவிடும் வேலைக்காரன். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை.

பிளாட்டினத்தின் விலை எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? அதனால் மாங்கனீசு பக்கம் திரும்பினார்கள். பழைய டார்ச் லைட் பேட்டரியை உடைத்தால் கையெல்லாம் கரியாக்கும் கறுப்புத் தூளில் இருப்பது மாங்கனீசு டை ஆக்சைடுதான். பள்ளி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு சிட்டிகை போட்டதும் நுரைத்துப் பொங்குமே, அதே ஆள். லேசர் பிரிண்டர்களில் உண்டாகும் ஓசோனை உடைக்கவும் இது பயன்படுகிறது. ஜப்பானில் சேகினே போன்ற ஆய்வாளர்கள் 2000-க்குப் பிறகு பல உலோக ஆக்சைடுகளை வரிசையாக வைத்து ஃபார்மால்டிஹைடில் சோதித்தபோது முன்னால் நின்றது இது. இதன் பரப்பில் இருக்கும் ஆக்சிஜன் தளர்வாகக் கட்டப்பட்டது. எடுத்துக் கொடுக்கும், பின்பு காற்றிலிருந்து நிரப்பிக்கொள்ளும். படலம் படலமாக அடுக்கப்பட்ட பிர்னசைட் வடிவம் இன்னும் சுறுசுறுப்பு. குறைந்த செறிவில் நன்றாக ஓடும். செறிவு கூடினால் ஃபார்மேட் தேங்கி மந்தமாகும், சூடுகாட்டினால் மீளும்.

டைட்டானியம் டை ஆக்சைடு மட்டுமே போதும், வெளிச்சம் பட்டால் அதுவே எல்லாவற்றையும் எரித்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் பூச்சுகளும் மெஷின்களும் உண்டு. அடித்தளம் உண்மையானது. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் 1972-இல் நேச்சர் இதழில் எழுதியது, ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரையே பிரிக்கும் என்று. ஆனால் அதற்கு ஏறத்தாழ 390 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் வேண்டும், புற ஊதா. வீட்டு எல்இடி பல்பில் அது கிட்டத்தட்ட இல்லை. தனியாகப் புற ஊதா விளக்கு வைத்தாலும் இன்னொரு தலைவலி. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2007-இல் வீட்டுக் காற்றில் வழக்கமாக இருக்கும் ஆவிகளின் கலவையை இப்படிப்பட்ட கருவியில் விட்டுப் பார்த்தது. ஆல்கஹால் போன்றவை பாதி எரிந்து நின்றுவிட்டன. பாதி எரிந்த பொருள் எது? ஃபார்மால்டிஹைடு. உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம்! இந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு, பளபளக்கும் விளம்பரத் தாள்களை நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

எவ்வளவு கெட்டிக்கார வினையூக்கியானாலும் மூலக்கூறைத் தேடிப் போகாது. காற்று அதனிடம் வர வேண்டும். அலமாரியில் ஒரு கிண்ணம் கறுப்புக் குருணையை வைத்துவிட்டு அறை சுத்தமாகிவிடும் என்று நம்பக்கூடாது. பூட்டிய அலமாரிக்கு உள்ளே வேண்டுமானால் பலன் இருக்கும். அறைக்கு மின்விசிறியும் வடிகட்டிப் பரப்பும் வேண்டும். அந்த வடிகட்டியில் தாளிப்பு எண்ணெய்த் திவலையும் சாம்பிராணிப் புகையும் படியும். அவை பரப்பை மூடினால் ஃபார்மேட்டைவிடக் கெட்டியாக மூடும்.

எரிந்ததா, வெறுமனே ஒட்டிக்கொண்டதா என்று கண்டுபிடிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. கார்பன் டை ஆக்சைடு கூடியதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வீட்டு அளவான 0.08 பிபிஎம் ஃபார்மால்டிஹைடு முழுக்க எரிந்தாலும் கூடுவது 0.08 பிபிஎம் கார்பன் டை ஆக்சைடுதான். வெளிக்காற்றிலேயே அது 420 பிபிஎம்முக்கு மேல்; நாம் ஒரு மூச்சு விட்டால் கணக்கு கலைந்துவிடும். ஆய்வகங்கள் 100 பிபிஎம் போன்ற, வீட்டைப் போல ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட செறிவை, கார்பன் டை ஆக்சைடு அறவே நீக்கிய செயற்கைக் காற்றில் வைத்துச் சோதிப்பது இதனால்தான். அங்கே வாங்கிய நூற்றுக்கு நூறு வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

நேரடியாகக் காட்ட முடியாததைக் கணக்கால் காட்டலாம். ஒரு கிராம் பொடியின் பரப்பில் எத்தனை மூலக்கூறுகள் ஒட்ட இடமிருக்கிறது என்று அளந்துவிட முடியும். விழுங்கியது அந்த எண்ணிக்கையைப் பல மடங்கு தாண்டிய பிறகும் வேகம் குறையவில்லை என்றால், பரப்பு விட்டுக்கொண்டே வருகிறது என்றுதான் அர்த்தம். வேறு வழியே இல்லை. அதே பெர்க்லி ஆய்வகம் மாங்கனீசு ஆக்சைடைச் சாதாரண வடிகட்டித் துணியில் பூசி, வீட்டில் இருக்கக்கூடிய அளவு ஃபார்மால்டிஹைடை விடாமல் செலுத்தி, 2011-இல் முடிவை வெளியிட்டது. ஒரு மாதம் கடந்தும் வடிகட்டி 80 சதவீதத்துக்கு மேல் அகற்றிக்கொண்டிருந்தது.